புது நாணில் பழைய நெயில் பாலிஷ்: காம்பவுண்ட் வில் ட்யூனிங்குக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் மகளுக்கு 16 வயது. 2023-ல் பெர்லினில் அதிதி ஸ்வாமி 17 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து இவளுக்குக் காம்பவுண்ட் வில் (இரு முனையிலும் சக்கரம் வைத்த நவீன வில்) பைத்தியம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருகிறது என்றதும் எனக்கும் கொஞ்சம் தலை சுற்றிவிட்டது. கடன் வாங்கி ஒரு செகண்ட் ஹேண்ட் வில் எடுத்தோம். அதை ட்யூனிங்குக்கு, அதாவது அம்பு நேராகப் போகும்படி வில்லைச் சரிசெய்யக் கொடுத்த இடத்தில்தான் ஏமாந்தோம்.

புது நாண், சக்கரங்களை இணைக்கும் கேபிள், இரண்டும் 7,000. ட்யூனிங் 3,500. அப்புறம், “இந்த வில்லுக்கு 500 ஸ்பைன் அம்புதான் அண்ணா சரி” என்று ஒரு டஜன் அம்பு. (ஸ்பைன் என்பது அம்பு எவ்வளவு வளையும் என்று காட்டும் எண்.) எல்லாவற்றுக்கும் பில் கொடுத்தார்கள். கடைக்குள்ளேயே 18 மீட்டரில் ஆறு அம்பு விட்டுக் காட்டினார்கள், ஆறும் மஞ்சளில். “இனி பாப்பா கைதான் அண்ணா” என்றார் கடைக்காரர். அந்த வார்த்தைதான் மூன்று மாதம் எங்கள் வீட்டைப் படுத்தியது.

காம்பவுண்டுக்குப் போட்டித் தூரம் 50 மீட்டர். அங்கே போனதும் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போனது. ஒன்று பத்தில், அடுத்தது ஆறில், சில சமயம் இலக்கையே தாண்டி. கடைக்கு போன் செய்தால், “கிரிப்பை இறுக்கிப் பிடிக்கிறா அண்ணா, டார்க் ஆகுது”, அதாவது கையால் வில் முறுக்கிக்கொள்கிறது என்றார்கள். நானும் அதை நம்பி அவளைத் திட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் வேறொரு பயிற்சியாளரிடம் போனோம். அவர் குறிபார்க்கும் சைட்டைத் தொடவே இல்லை. உடைந்த போட்டோ ஃபிரேம் ஒன்றில் பழைய செய்தித்தாளை இறுக்கமாக ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று அதன் வழியாகச் சுடச் சொன்னார். அம்பு நேராகப் போனால் தாளில் ஒரு சின்ன ஓட்டையும் இறகுகளின் கீறலும்தான் விழும். எங்களுக்கு விழுந்தது மூன்று விரல் நீளக் கிழிசல். முனை ஒரு இடத்தில், வால் இடது பக்கமாக மேலே.

முதலில் மேல் நோக்கிய கிழிசல். மகளை மெதுவாக இழுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று வில் முனைச் சக்கரங்களான கேம்களைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரத்தில் முட்ட வேண்டும், ஒன்று முந்திக்கொண்டது. “இந்த நாணையும் கேபிளையும் எப்பம்மா மாத்துனீங்க?” என்றார். “மூணு மாசம் முன்னாடி சார்” என்றவள் சட்டென்று குனிந்து, நாணில் அம்பு கோக்கும் இடத்தில் கட்டியிருக்கும் டி-லூப் என்ற சின்னக் கயிற்று வளையத்தைப் பார்த்தாள். வில் வாங்கிய அன்று, லூப் நகர்கிறதா என்று தெரிவதற்காக அதன் மேலும் கீழும் நாணில் அவள் வைத்த ரோஸ் கலர் நெயில் பாலிஷ் புள்ளிகள் இரண்டும் அப்படியே இருந்தன. புது நாணில்! கேபிளும் பழையதே, இழுபட்டு நீண்டு போயிருந்தது.

இடது கிழிசல், அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை நகர்த்தியும் அடங்கவில்லை. வில்லின் கைகளைப் பிடித்திருக்கும் இரண்டு லிம்ப் போல்ட்டையும் ஒரே அளவு தளர்த்தி பவுண்டை, அதாவது இழுவிசையைக் குறைத்துப் பார்த்தார், கிழிசல் பாதியானது. “அம்பு வளையுது சார், வில்லுக்கு இது பத்தாது” என்றார் பயிற்சியாளர். அம்பின் வால் பக்கம் சுற்றியிருந்த கலர் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். உள்ளே அச்சிட்டிருந்தது 700. ஸ்பைன் எண் கூடக் கூட அம்பு தொய்வானது. 48 பவுண்டு வில்லில் அதைப் போட்டு மூன்று மாதம் சுட்டிருக்கிறாள். அளவுக்கு மீறி வளையும் கார்பன் அம்பு விடும்போதே முறிந்து கையில் ஏறலாம் என்று அவர் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

18 மீட்டரில் எப்படி ஆறும் மஞ்சளில் விழுந்தது? அங்கேதான் சூட்சுமம். ரெஸ்ட்டையும் சைட்டையும் தள்ளிவைத்து, பெரிய இறகு ஒட்டிய அம்பைக் கிட்டத்தில் விட்டால் எந்தக் கோணலும் தெரியாது. இறகே அம்பை இழுத்து நேராக்கிவிடும். இறகில்லாத அம்பை விட்டுக் காட்டச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பல்லிளித்திருக்கும். பயிற்சியாளரிடம் அப்படி விட்டுப் பார்த்தபோது எங்களுடையது இறகுள்ள அம்புகளை விட்டு ஒரு சாண் தள்ளிப் போய்க் குத்தியது.

ஆகவே யாரிடம் ட்யூனிங்குக்குக் கொடுத்தாலும் தாள் கிழிசலை உங்கள் கண்முன்னால் காட்டச் சொல்லுங்கள், சுடுவது உங்கள் பிள்ளையாக இருக்கட்டும். கழற்றிய பழைய நாணைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் சுற்றிய அம்பு வேண்டவே வேண்டாம்.

நிஜமாகவே நாணும் கேபிளும் மாற்றி, 500 அம்பு போட்டபின் கிழிசல் ஓட்டையாகச் சுருங்கியது. போன வாரம் 50 மீட்டரில் எட்டுக்குக் கீழே அவள் ஒன்றுகூட விடவில்லை. பில்லோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்த பிறகு, நாண் காசு 7,000 மட்டும் ஜிபேயில் வந்தது. “யூஸ் பண்ண அம்பு ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் அண்ணா” என்று ஒரு மெசேஜும் கூடவே வந்தது.