ஏலக்காய் ஸ்டோர்க்காரர்கள் கவனத்துக்கு: கணக்கு ஃபைலை மாற்றித் தருகிறேன் என்று வருபவரிடம் உஷார்

குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் ஸ்டோர் (தோட்டக்காரர்களின் பச்சைக்காயைக் கூலிக்கு உலர்த்தித் தரும் இடம்) வைத்திருப்பவர்கள் சிலர் இன்னும் ஃபைல்மேக்கர், ஆக்சஸ் என்கிற டேட்டாபேஸ் மென்பொருள்களில்தான் கணக்கு எழுதுகிறோம். "பழைய ஃபைலில் இருப்பதை அப்படியே புதுசுக்கு ஏற்றித் தருகிறேன்" என்று ஒருவர் ஸ்டோர் ஸ்டோராக ஏறி இறங்குகிறார். எங்களிடம் அவர் செய்துவிட்டுப் போனதைச் சொல்கிறேன். பேர் போடவில்லை, வேலையைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும்.

எங்களுடையது ஃபைல்மேக்கர். கணக்குக்காரர்கள், அதாவது நம்மிடம் காய் போடும் தோட்டக்காரர்கள், ஒரு டேபிள் (பட்டியல்), பச்சைக்காய் வரவு ஒன்று, முன்பணம் ஒன்று. மூன்றையும் கட்டி வைத்திருப்பது கணக்கு எண்தான். இம்போர்ட், அதாவது பழையதைப் புது ஃபைலுக்கு ஏற்றுவது, டேபிள் டேபிளாக நடக்கிற வேலை. அந்த எண் மாறாமல் வந்து சேர்ந்தால்தான் யார் போட்ட காய் யாருடையது என்பது நிற்கும். இவரோ கணக்குக்காரர்களை ஏற்றும்போது எண் ஃபீல்டைப் பொருத்தாமல், புது ஃபைல் தானாக 1, 2 என்று எண் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். வரவும் முன்பணமும் மட்டும் பழைய எண்களோடு வந்து இறங்கின.

தோட்டத்தை விற்றுவிட்டுப் போனவர்களைப் பழைய ஃபைலில் அவ்வப்போது நீக்கியிருந்தோம். அது எல்லா ஸ்டோரிலும் நடப்பதுதான். முதல் காலி எண் 41. அதுவரை எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது, அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிட்டார்கள், அடுத்த காலி எண்ணில் இன்னும் ஓரிடம். அவர் திறந்து காட்டியதெல்லாம் முதல் பத்துப் பேரைத்தான். "பாத்தீங்களா சார், ஒரு கிலோ பிசகாது" என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு ஜீப் ஏறினார்.

கம்பத்தில் வீடும் இந்தப் பக்கம் தோட்டமுமாக இருக்கிற பெரியவர் ஒருவர்தான் முதலில் பிடித்தார். காய் போட்டபோது நாங்கள் கொடுத்த சீட்டை மேஜையில் வைத்து, "தம்பி, நான் போட்டது 310 கிலோ பச்சை. அஞ்சு கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்ந்ததுன்னு வச்சாலும் அறுபது கிலோவுக்கு மேல வரணும். நீங்க 45 கிலோ பச்சைன்னு காட்டுறீங்க. நான் வாங்காத முன்பணம் வேற நிக்குது" என்றார். அவருக்கு முந்தைய கணக்குக்காரரின் காயும் கடனும் அவர் தலையில் ஏறியிருந்தன. சீட்டுப் புத்தகம் மட்டும் இல்லையென்றால் அன்று ஸ்டோர் வாசலில் சண்டைதான்.

வரவு டேபிளில் வேறொரு கோளாறு. பழைய சீட்டு எண்கள் சரியாகத்தான் வந்தன, ஆனால் அடுத்த எண் எது என்பதை அவர் ஏற்றி வைக்கவில்லை. ஃபைல்மேக்கர் அதைத் தானாகச் செய்யாது. புதுச் சீட்டு 1-லிருந்து தொடங்கி, பழைய 1-ஆம் சீட்டுக்குக் கொடுத்த பட்டுவாடா புதுச் சீட்டிலும் தெரிந்தது.

உலர்த்துக் கூலி இதையெல்லாம் விட மோசம். கிலோவுக்கு இவ்வளவு என்ற ரேட்டை ஒரு ஃபீல்டில் வைக்காமல், இரண்டு டாலர் குறி போட்ட குளோபல் வேரியபிளில் (ஃபைல் திறந்திருக்கும்வரை மட்டும் மதிப்பை நினைவில் வைத்திருப்பது) வைத்து, பில் தொகையைச் சேமிக்காத கால்குலேஷனாக, அதாவது பார்க்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்குப் போடும்படி, எழுதியிருந்தார். ஃபைலை மூடினால் அந்த வேரியபிள் போய்விடும். முகப்பில் இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி மதிப்பு ஏறும். வீட்டு லேப்டாப்பில் நேராக பில்லைத் திறந்தால் கூலி பூஜ்யம். இந்த சீசனுக்கு ரேட்டைக் கூட்டியதும், போன வருஷம் பணம் கட்டி முடித்த பில்களும் கூடிவிட்டன! வேரியபிள் வசதி ஃபைல்மேக்கரில் 2005-லேயே, 8-ஆம் பதிப்பில் வந்துவிட்டது. தொழில் தெரிந்தவர் இப்படி வைக்கமாட்டார்.

போன் செய்தால், "உங்க பழைய டேட்டாவே சரியில்ல சார்" என்கிறார். திருத்த இன்னொரு தொகை கேட்டார். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று உள்ளே போனால் டேபிள் அமைப்பைத் தொட முடியவில்லை. ஃபைலில் முழு அனுமதி உள்ள லாகினின் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறார்.

பழைய ஃபைலை நாங்கள் அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பினோம். தெரிந்த பையன் ஒருவன் அதிலிருந்து புதிதாகச் செய்து கொடுத்தான். கணக்கு எண்ணைப் பழைய எண்ணோடு பொருத்தி, இம்போர்ட்டின்போது தானாக நிரப்புவதை நிறுத்தி, கடைசி எண்ணுக்கு அடுத்ததைத் தொடக்கமாக வைத்தான். கூலி ரேட் இப்போது செட்டிங் டேபிளிலிருந்து ஒவ்வொரு சீட்டிலும் அன்றைய தேதிக்குப் பதிந்து நின்றுவிடுகிறது. எடை, கழிவு, கூலி எல்லாவற்றுக்கும் லெட் (Let) என்கிற ஃபைல்மேக்கர் ஃபங்ஷனுக்குள் பேர் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான். அந்தப் பேர்கள் அந்தக் கணக்கு முடிந்ததும் முடிந்துவிடும், வெளியே ஒட்டிக்கொண்டு தொல்லை தராது.

கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை. ஆள் இப்போது நெடுங்கண்டம் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. உங்களிடம் வந்தால், நடுவிலும் கடைசியிலும் இருக்கிற கணக்குகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொருவரின் மொத்தக் கிலோவையும் முன்பணத்தையும் பழைய ஃபைலோடு ஒத்துப் பாருங்கள். பாஸ்வேர்டு கைக்கு வராமல் பாக்கித் தொகையைக் கொடுக்காதீர்கள்.