செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட்: டீசலா, பெட்ரோலா?

மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் விற்பதை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று சந்தைக்கு வரும் டீசல் ஸ்விஃப்ட் பெரும்பாலும் நன்றாக ஓடித் தேய்ந்த வண்டி. அந்த 1.3 லிட்டர் இன்ஜின் நல்ல உழைப்பாளி, மைலேஜும் அருமை. ஆனால் டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் என்று எதில் கைவைத்தாலும் செலவு இழுக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் செய்துவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடிக்கிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்.

பெட்ரோலில் இந்தத் தலைவலி குறைவு. கேஸ் கிட் மாட்டியிருந்தால் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் மறக்காமல் பாருங்கள்.

தினமும் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு டீசல் சரி. ஊருக்குள் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று சுற்றுபவருக்குப் பெட்ரோல்தான் என்பேன். எரிபொருளில் மிச்சமாவதை ஒரே ஒரு டர்போ வேலை விழுங்கிவிடும்.

எதை வாங்கினாலும், சென்னை வண்டி என்றால் 2015, 2023 வெள்ளத்தில் மூழ்கியதா என்று பார்த்தே ஆகவேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சீட்டையும் தரைவிரிப்பையும் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் உள்முனையை விட்டுவிடுவார்கள். அங்கே சேற்றுக்கறை இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.