குளோபல்கிவிங் வழியாக வெளிநாட்டுக் கிராமப் பள்ளிக்கு உதவலாமா?

2002-ல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த நன்கொடைத் தளத்தின் பெரிய பலம் சரிபார்ப்புதான். பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் மட்டுமே இங்கே திட்டங்களைப் பட்டியலிட முடியும். தனியார் ஒருவர் தன் சொந்தக் கணக்குக்கு நிதி திரட்ட வழியில்லை. ஒவ்வொரு திட்டமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். கொடுக்கும் முன் பழைய அறிக்கைகளை அவசியம் படியுங்கள். அதே புகைப்படங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, செலவுக் கணக்கு எங்குமே இல்லை என்றால் வேறு பள்ளியைப் பாருங்கள்.

தளக் கட்டணமும் அட்டைக் கட்டணமும் நன்கொடையிலிருந்து கழியும். ஆனாலும் சிறு தொகைக்கு இதுவே மேல். வங்கி வழியாக நேரடியாக அனுப்பினால் அனுப்பும் வங்கி, இடைநிலை வங்கி, பெறும் வங்கி என மூன்று இடத்தில் பணம் கரையலாம், நாணய மாற்றில் போவது தனி. ஆண்டுக்கு ஒருமுறை பெரிய தொகை என்றால் மட்டும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

திட்டப் பக்கத்தில் வரும் ‘இவ்வளவு கொடுத்தால் இத்தனை புத்தகம்’ என்பது புரிவதற்கான மாதிரிக் கணக்கு மட்டுமே.

மாதாந்தர நன்கொடை வசதிதான் இதில் மிகச் சிறந்தது. ஆசிரியர் சம்பளம், கழிப்பறைப் பராமரிப்பு, கைப்பம்பு பழுது எல்லாம் மாதாமாதம் வரும் செலவுகள். மின்சாரம் நிலையாக இல்லாத பள்ளிக்குக் கணினி வாங்கும் திட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். பேட்டரி மாற்றப் பணம் ஒதுக்கவில்லை என்றால் சூரிய மின்தகடும் சில ஆண்டுகளில் கூரையில் சும்மா கிடக்கும்.