பெட்ரோல் ஏறாத பழைய கார்: மெக்கானிக்கல் பம்பா, எலெக்ட்ரிக் பம்பா?

பழைய கார்புரேட்டர் வண்டி மேட்டில் இழுக்காமல் திக்குகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது என்றால் உடனே வரும் யோசனை, "பேசாமல் எலெக்ட்ரிக் பம்ப் போட்டுவிடுங்கள்" என்பதுதான். டேங்கிலிருந்து பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) கொண்டுவருவதுதான் பம்பின் வேலை; மெக்கானிக்கல் பம்பை இன்ஜினே ஓட்டும், எலெக்ட்ரிக் பம்ப் பேட்டரி கரண்டில் ஓடும். எலெக்ட்ரிக்குக்கு மாறுவது சில வண்டிகளுக்குச் சரி. ஆனால் கோளாறு பம்பில்தானா என்று பார்க்காமலே மாற்றுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், அப்புறம் வண்டி ஒழுங்காக ஓடினால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, பம்ப் நிரபராதி. அடுத்து, இன்ஜின் ஆறியதும், அது ஸ்டார்ட் ஆகாதபடி காயில் வயரை (ஸ்பார்க்குக்குக் கரண்ட் தரும் வயர்) கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடியுங்கள். பக்கத்தில் தீப்பொறி எதுவும் இருக்கக் கூடாது. பெட்ரோல் விட்டுவிட்டு, ஆனால் வேகமாகப் பீய்ச்சி வர வேண்டும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் குடிப்பது நிமிடத்துக்கு 130 மில்லி சொச்சம்தான். நல்ல நிலையில் உள்ள எந்தப் பம்பும் அதைவிடத் தாராளமாகவே தரும்.

பாட்டிலில் குமிழி குமிழியாக வந்தால் கவனியுங்கள். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருந்துகொண்டு, டேங்கிலிருந்து அவ்வளவு தூரமும் உறிஞ்சுகிறது. வழியில் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அந்த ஹோஸை அப்படியே விட்டுவிட்டு டேங்க் பக்கம் எலெக்ட்ரிக் பம்ப் வைத்தால், அது உறிஞ்சாமல் தள்ளும். காற்று இழுத்த அதே வெடிப்பு இப்போது பெட்ரோலைக் கக்கும், சைலன்சர் குழாய்க்குப் பக்கத்திலேயே. என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டில் முக்கியமான விஷயம் இதுதான்.

மெக்கானிக்கல் பம்பின் பலம் அதன் எளிமை. இன்ஜினுக்குள் சுற்றும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு, பம்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற ரப்பர் சவ்வை இழுக்கும், ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். பிரஷரைத் தீர்மானிப்பது அந்த ஸ்பிரிங்தான். இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். விபத்து நேரத்தில் இது பெரிய பாதுகாப்பு. பலவீனம் டயாப்ரம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். கிழிந்தால் பல பம்புகளில் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

எலெக்ட்ரிக் பம்ப் இரண்டு இடங்களில் நிச்சயமாக ஜெயிக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணம் வறண்டிருக்கும். சாவி திருப்பியதும் அது நிரம்பிவிடும், பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடிக்க வேண்டியதில்லை. இன்னொன்று, வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும் தொல்லை. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். பின்னாலிருந்து தள்ளினால் அது குறையும்.

பிரஷரைப் பார்த்து வாங்க வேண்டும். கார்புரேட்டருக்கு ஒற்றை இலக்க பி.எஸ்.ஐ. (பிரஷரை அளக்கும் அலகு) போதும், எஸ்.யூ. மாதிரியான கார்புரேட்டர்கள் 3-ஐத் தாண்டினாலே தகராறு செய்யக்கூடும். இன்ஜெக்ஷன் வண்டிகளின் பம்ப் 40-க்கு மேல் தள்ளும். அதை மாட்டினால் கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வ் தாங்காமல் பெட்ரோல் இன்ஜின் மேலேயே வழியும். ரிலே, ஃப்யூஸ், மோதினால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் மூன்றும் கட்டாயம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டு மாட்டித் தருபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அடிக்கடி ஓடும் வண்டிக்கு எத்தனால் தாங்கும் டயாப்ரம் கிட் போட்டு, ஹோஸ்களையும் புதிதாக மாற்றி, மெக்கானிக்கல் பம்பையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். நெடுநாள் நிற்கும் வண்டிக்கும், வெப்பத் தடுப்பு வைத்தும் சூட்டில் மக்கர் செய்யும் வண்டிக்கும் எலெக்ட்ரிக். அப்படி மாற்றினால் பழைய பம்பைக் குழாய் வரிசையிலேயே விட்டுவைக்காதீர்கள். அதன் டயாப்ரம் என்றாவது கிழிந்தால், பின்னாலிருந்து தள்ளும் பம்ப் பெட்ரோலை நிறுத்தாமல் ஆயிலுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். பழையதைக் கழற்றி, அது இன்ஜினில் இருந்த இடத்து ஓட்டையைத் தகடு வைத்து மூடிவிடுங்கள்.