ஜார்க் 1 ரிவ்யூ: டைப் பண்ணா பதில் சொல்ற கேம்

ஜார்க் 1 ஆரம்பிக்கும்போது நீங்க ஒரு வெள்ளை வீட்டுக்கு மேற்குப் பக்கம் நிக்கிறீங்க, முன்கதவை பலகை அடிச்சு மூடியிருக்காங்க, பக்கத்துல ஒரு சின்ன தபால் பெட்டி இருக்கு, அவ்ளோதான். என்ன பண்ணணும்னு கேம் சொல்லாது. பட்டன் இல்ல, படம் இல்ல, எல்லாமே எழுத்துதான், நீங்க கட்டளையை டைப் பண்ணணும்னு கர்சர் மட்டும் உங்களுக்காக காத்துட்டு இருக்கும்.

டெக்ஸ்ட் கேம்னாலே கதை நல்லா இருக்கணும், வர்ணனை நல்லா இருக்கணும்னு நிறைய பேர் சொல்வாங்க. அதெல்லாம் வேணும்தான், ஆனா என்னைக் கேட்டா நாம டைப் பண்றதுக்கு கேம் என்ன பதில் சொல்லுதுங்கறதுலதான் மொத்த சுகமும் இருக்கு. ஜார்க்ல வெறும் ஓபன்னு அடிச்சுப் பாருங்க, எதைத் திறக்கணும்னு திருப்பிக் கேக்கும், மெயில்பாக்ஸ்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், புரிஞ்சுக்கும். கெட்ட வார்த்தை அடிச்சா கண்டிக்கும். சும்மா ஜம்ப்னு அடிச்சா கூட அதுக்கும் ஏதாவது ஒரு பதில் வச்சிருக்கும். இப்படி ஒருத்தன் செய்வான்னு யோசிச்சு ஒருத்தர் முன்னாடியே எழுதி வச்சிருக்காரு இல்ல, அது தெரியுற நிமிஷம் வர்ற சந்தோஷம் இருக்கே, அதை நான் வேற எந்த வகை கேம்லயும் பாக்கல.

இதை 1977ல அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி பல்கலைக்கழகத்துல டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், ப்ரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்லிங்னு நாலு பேர் பிடிபி-10ங்கற பெரிய கம்ப்யூட்டர்ல எழுத ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி வில் க்ரோதரும் டான் வுட்ஸும் பண்ணின அட்வென்ச்சர் கேமுக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல புரியாது, இவங்க முழு வாக்கியமே புரியுற மாதிரி பண்ணிட்டாங்க, ட்ரோல்ங்கற ராட்சசனை வாளால அடின்னு சொன்னா வாளால அடிக்கும். அப்புறம் இன்ஃபோகாம்னு கம்பெனி ஆரம்பிச்சு வீட்டு கம்ப்யூட்டருக்கு கொண்டு வரும்போது கேம் ரொம்ப பெருசா இருந்ததால மூணா பிரிச்சாங்க, அதுல முதல் பாகம்தான் 1980ல வந்த இந்த ஜார்க் 1.

வீட்டுக்குள்ள போக வழி கண்டுபிடிச்சு, தரைவிரிப்பை நகர்த்தி, கீழ இருக்கற கதவைத் திறந்து இறங்கினீங்கன்னா மேல யாரோ அதை மூடி தாழ்ப்பாள் போடுற சத்தம் கேக்கும். அங்கேர்ந்துதான் உண்மையான கேம். விளக்கு இல்லாம இருட்டுல நடந்தா க்ரூன்னு ஒண்ணு தின்னுடும், அது எப்படி இருக்கும்னு கடைசி வரைக்கும் பாக்கவே முடியாது, க்ரூன்னா என்னன்னு கேமையே கேட்டாலும், அதுகிட்டேர்ந்து உயிரோட தப்பிச்சு வந்து சொன்னவங்க ரொம்பக் கம்மிங்கற மாதிரிதான் பதில் வரும். படம் போட்டிருந்தா இந்த பயம் பாதி கூட வந்திருக்காது.

ஆனா எனக்கு ரொம்ப பிடிச்ச ஆள் அந்த குகைல சுத்துற ஒரு திருடன்தான். புதிர்ப்பாதைல எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும், வடக்க போய் தெற்க திரும்பினா வந்த இடத்துக்கே வருவீங்கன்னு எந்த கேரண்டியும் இல்ல, அதனால கைல இருக்கற பொருளை ஒவ்வொரு இடத்துலயும் ஒண்ணா போட்டு அடையாளம் வச்சுட்டு போவோம் இல்லையா, அப்போ தூரத்துல எங்கயோ ஒருத்தன், அட இந்த நல்ல பொருள் இங்க எப்படி வந்துச்சுன்னு தனக்குள்ள பேசிக்கிற சத்தம் கேக்கும். நம்ம வச்ச அடையாளத்தை அவன் எடுத்துட்டான்! ஒரே ஒரு வரி டெக்ஸ்ட், ஆனா அந்த குகைல நம்மளைத் தவிர இன்னொருத்தன் நடமாடுறான்னு உடம்பு சிலிர்க்கும். அவனை வெறும் எதிரின்னு நினைச்சு உடனே தீர்த்துக் கட்டிடாதீங்க, அதுக்கு மேல சொன்னா ஸ்பாய்லர்.

குறை இருக்கு, அதையும் சொல்லணும். லாந்தர் பேட்டரி தீர்ந்துகிட்டே வரும், சும்மா சுத்திப் பாக்கறதுக்கு கூட விலை கொடுக்கணும், அது எனக்கு சுத்தமா பிடிக்கல. இதைவிட மோசம், மரத்து மேல கிடைக்கற முட்டையை நீங்களே வலுக்கட்டாயமா திறந்தா உள்ள இருக்கறது உடைஞ்சுடும், முழு 350 பாயிண்ட் எடுக்கற வாய்ப்பு அப்பவே போச்சு, ஆனா கேம் வாயே திறக்காம விளையாட விட்டுடும். சவால் வேற, நியாயம் வேற. ஆளை வீணா அலைய விடுறது நியாயம் இல்ல. அதனால சேவ் பண்றதை பழக்கமாக்குங்க, ஒரே ஃபைல்ல மேல மேல சேவ் பண்ணாம தனித்தனியா வைங்க.

இந்த விஷயத்துல 2007ல வந்த லாஸ்ட் பிக்ங்கற டெக்ஸ்ட் கேம் எவ்வளவோ மேல. அந்த வருஷம் டெக்ஸ்ட் கேம்களுக்காக நடந்த இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன் போட்டில முதல் இடம் வாங்கின கேம் அது, பன்னியைத் தொலைச்ச க்ரங்க்னு ஒரு ஆர்க் (கற்பனைக் கதைல வர்ற முரட்டு ஜீவன்) அவனோட அரைகுறை பேச்சுலயே எல்லாத்துக்கும் பதில் சொல்வான். இடம் சின்னது, ஆனா எதை முயற்சி பண்ணாலும் ஏதாவது பதில் இருக்கும். இந்த வகைக்கே புதுசுன்னா முதல்ல அதை விளையாடுங்க, நாம டைப் பண்றதைப் புரிஞ்சுக்கற பார்சர்கிட்ட எப்படி பேசணும்னு கை பழகிடும், அப்புறம் ஜார்க்குக்கு வாங்க.

ஜார்க்கை இசட்-மெஷின்னு ஒரு கற்பனை கம்ப்யூட்டருக்காக எழுதினதால அந்த ஃபைல் இன்னைக்கும் ஃப்ராட்ஸ் மாதிரி சாஃப்ட்வேர்ல அப்படியே ஓடும். 2025 நவம்பர்ல மூணு பாகத்தோட சோர்ஸ் கோடையும், அதாவது கேமை எழுதின ப்ரோக்ராமையும், யார் வேணா எடுத்துப் பயன்படுத்தலாம்ங்கற எம்ஐடி லைசென்ஸ்ல மைக்ரோசாஃப்ட் திறந்து விட்டாங்க, அந்த பதில்களை எல்லாம் எப்படி எழுதியிருக்காங்கன்னு அதுல படிக்கலாம், ஆனா தயவுசெஞ்சு விளையாடி முடிச்சதுக்கு அப்புறம் படிங்க. ஆரம்பிச்சதும் வெர்போஸ்னு ஒரு தடவை அடிச்சுடுங்க, ஒவ்வொரு தடவை உள்ள நுழையும்போதும் இடத்தோட முழு வர்ணனை வரும். மேப்பை பேப்பர்லயே வரைங்க, நெட்ல ரெடியா கிடைக்கறதை பாத்தீங்கன்னா பாதி கேமை நீங்களே தூக்கிப் போட்ட மாதிரி.