நிலவின் இரவுக்குப் புளூட்டோனியமா, அமெரிசியமா?

நிலவின் குளிர் இரவில் கருவிகளைக் காக்கவும், விண்கலத்துக்கு மின்சாரம் எடுக்கவும், கதிரியக்கத் தனிமம் தானாகச் சிதையும்போது வரும் வெப்பம் உதவும். எந்தத் தனிமம் என்பதே கேள்வி. சிவன், நாராயணன் என இஸ்ரோவுக்கு இரண்டு தலைவர்களைத் தந்த குமரி மாவட்டத்தில், விண்வெளிப் பேச்சை எடுத்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வரும்: மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கிடக்கிறதே, அதையே விண்கலத்தில் வைத்தால் என்ன? வைக்கலாம், வெப்பம்தான் வராது. தோரியம்-232 பாதியாகச் சிதைய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அணு உலையில் அதன் கதை வேறு.

மறுகோடியில் பொலோனியம்-210. கிராமுக்கு 140 வாட் கொதிப்பு, ஆனால் 138 நாளில் பாதி போய்விடும். 1970-இல் நிலவில் ஓடிய லூனாகோட்-1 ஊர்திக்கு அது போதுமானதாக இருந்தது, நெடும்பயணத்துக்கு ஆகாது. ஸ்ட்ரான்சியம்-90 கதிர்வீச்சைத் தடுக்கக் கனமான கவசம் கேட்கும்.

ஆகவே போட்டி புளூட்டோனியம்-238க்கும் அமெரிசியம்-241க்கும்தான். அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், முன்னதற்கு 88 ஆண்டு, பின்னதற்கு 432. ஆனால் ஆக்சைடாக எடுத்தால் புளூட்டோனியம் கிராமுக்கு ஏறத்தாழ 0.4 வாட் தரும், அமெரிசியம் 0.1 வாட்தான். நாசாவின் செவ்வாய் ஊர்தியான கியூரியாசிட்டி 4.8 கிலோ புளூட்டோனிய ஆக்சைடுடன் சென்றது: 2,000 வாட் வெப்பம், அதிலிருந்து 110 வாட் மின்சாரம். அமெரிசியமானால் 20 கிலோ சுமக்க வேண்டும். மின்சாரம்தான் தேவை என்றால் புளூட்டோனியத்தை அசைக்க முடியாது.

எரிபொருளின் வடிவமும் முக்கியம். 1964-இல் ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டாமல் விழுந்தபோது, அதிலிருந்த உலோகப் புளூட்டோனியம் எரிந்து காற்றில் கலந்தது. அதன்பின் எரிபொருள் எரியாமல் தாங்க வேண்டும் என்பது விதியானது. இன்று அது பீங்கான் போன்ற ஆக்சைடு வில்லை: நீரில் கரையாது, உடைந்தாலும் பெரும்பாலும் துண்டுகளாகவே உடையும். மேலே இரிடியம் உறை, அதற்கும் மேலே கிராஃபைட். சிதைவில் பிறக்கும் ஹீலியம் உறையைப் பிளந்துவிடாமல் வெளியேற நுண்துளை வழியும் உண்டு. அமெரிசிய ஆக்சைடு இங்கே சற்று முரண்டு பிடிக்கும். சூட்டில் ஆக்சிஜனை இழக்கும், வில்லை விரிசல் விடும். யுரேனியம் கலந்து அதை நிலைப்படுத்த ஐரோப்பாவில் முயன்றிருக்கிறார்கள்.

ஆனாலும் நிலவில் கருவிகளைக் குளிரிலிருந்து காக்க என் தேர்வு அமெரிசியமே. நாசாவின் 1 வாட் சூடேற்றியில் 2.7 கிராம் புளூட்டோனிய ஆக்சைடு இருக்கிறது. மொத்த எடை 40 கிராம். அமெரிசியமானால் எரிபொருள் பத்துப் பன்னிரண்டு கிராம் ஆகும், கவசமும் கொஞ்சம் கூடும். சில கிராம்களைப் பெரிய சுமை என்று சொல்ல முடியாது. புளூட்டோனியம்-238 வேண்டுமானால் நெப்டியூனியம் என்ற தனிமத்தை அணு உலையில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அமெரிசியமோ பழைய புளூட்டோனியக் கையிருப்பில் தானாக ஊறுகிறது, பிரித்தெடுத்தால் போதும். கல்பாக்கத்தில் எரிபொருள் மறுசுத்திகரிப்பு நடத்தும் நமக்கு இது கைக்கெட்டும் வழி. சந்திரயான்-3 உந்துவிசைக் கலத்தில் இரண்டு 1 வாட் சூடேற்றிகளை அனுப்பினோம். அடுத்தவை தரையிறங்கும் கலத்திலேயே இருக்க வேண்டும்.