தோட்டா மறுநிரப்பு: சிக்கனமாகத் தொடங்க எந்த ப்ரெஸ்?

சுட்டு முடித்த தோட்டாவில் ப்ரைமர் (தட்டினால் வெடித்துத் தீ மூட்டும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு ஆகிய மூன்றும் செலவாகிவிடுகின்றன. பித்தளை உறை மட்டும் முழுதாகக் கையில் மிஞ்சுகிறது. நான்கு உறுப்புகளில் பெரும்பாலும் விலை கூடியது அந்த உறைதான் என்பதால், அதை மீண்டும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவதில்தான் மறுநிரப்பின் மிச்சமே அடங்கியிருக்கிறது. அந்த மிச்சம் எல்லாத் தோட்டாவுக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. 9 மில்லிமீட்டர் போலப் பெருந்திரளாக உற்பத்தியாகும் கைத்துப்பாக்கித் தோட்டாவில் லாபம் சொற்பம். பெரிய ரைஃபிள் தோட்டாக்களிலும் கடைகளில் அரிதாகவே கிடைக்கும் பழைய அளவுகளிலும்தான் கருவிக்குப் போட்ட பணம் விரைவில் திரும்புகிறது. தோட்டா நிரப்புவதற்குத் தனி உரிமம் கேட்கும் நாடுகள் பல உள்ளன. அங்கு வசிப்பவர் முதலில் அந்த உரிமத்தைப் பெற்றுவிட்டுத்தான் கருவியின் விலையை விசாரிக்க வேண்டும்.

விலையில் அடிமட்டத்தில் இருப்பது சுத்தியலால் தட்டி நிரப்பும் சிறு கருவிப்பெட்டி. ரிச்சர்ட் லீ 1958-இல் அறிமுகப்படுத்திய லீ லோடர் இவ்வகையில் பேர்பெற்றது. ப்ரெஸ் என்னும் அழுத்து கருவியும் வேண்டாம், மேசையும் வேண்டாம். உறையைக் குழாய்க்குள் தட்டி இறக்கி, ப்ரைமரைத் தட்டிப் பொருத்தி, உடன் வரும் சிறு கரண்டியால் மருந்தை அளந்து ஊற்றி, குண்டையும் தட்டியே அமர்த்திவிடலாம். ஆனால் கழுத்து குறுகிய ரைஃபிள் உறைகளில், சுட்டபோது விரிந்த கழுத்தை மட்டுமே இது சுருக்குகிறது, உடலைத் தொடுவதில்லை. ஆகவே எந்தத் துப்பாக்கியில் சுட்ட உறையோ அதே துப்பாக்கிக்குத்தான் அது நம்பிக்கையாகப் பொருந்தும். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் வகை ரைஃபிளுக்குச் சரி, தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளுக்கு ஒத்துவராது. தட்டும்போது எப்போதாவது ப்ரைமர் வெடித்துவிடுவதும் உண்டு என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இதைத் தொடக் கூடாது. ஒரே ரைஃபிளை வைத்துக்கொண்டு மாதம் இருபது தோட்டா சுடுபவருக்கு இதுவே போதும் என்பேன்.

அதற்கு அடுத்த படி, பாக்குவெட்டியைப் போல இரு பிடிகளை அழுத்தி இயக்கும் கை ப்ரெஸ். மேசையில் ஆணியடிக்க இடமில்லாத வாடகை வீட்டுக்காரருக்கு ஏற்றது. பெரிய ரைஃபிள் உறைகளை முழு நீளத்துக்குச் சுருக்கும்போது மணிக்கட்டு வலிக்கும்.

என் கணக்கில் பெரும்பாலோர் தொடங்க வேண்டிய இடம் சிங்கிள் ஸ்டேஜ் ப்ரெஸ். பலகையில் திருகிய ஓர் இரும்புச் சட்டம், ஒரு நெம்புகோல், மேலே ஒரே ஒரு டை, அதாவது உறையைச் சுருக்குவது, குண்டை அமர்த்துவது போன்ற வேலைக்கான அச்சு. ஐம்பது உறைகளுக்கும் முதல் வேலையை முடித்துவிட்டு, டையைக் கழற்றி அடுத்ததை மாட்டி, அதே ஐம்பதுக்கும் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். மணிக்கு ஏறத்தாழ ஐம்பது தோட்டாக்கள் கிடைத்தால் நல்ல வேகம். இந்த மெதுவையே குறையாகச் சொல்கிறார்கள். புதியவருக்கு அதுதான் காவல். மருந்து ஊற்றி முடித்ததும் ஐம்பது உறைகளும் துளையிட்ட பலகையில் வாய் திறந்து வரிசையாக நிற்கும். மேலிருந்து டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்த்தால், ஒன்றில் மருந்து மட்டம் ஏறியோ இறங்கியோ இருப்பது உடனே கண்ணில் படும். கைத்துப்பாக்கி உறைகள் பலவற்றில் முறையான அளவு பாதி உறையைக்கூட நிரப்புவதில்லை. எனவே தவறி இரண்டு தடவை ஊற்றினாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும், அந்தத் தோட்டா துப்பாக்கியையே பிளந்துவிடும். மருந்தே ஊற்றாமல் விட்டால் ப்ரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் நிறுத்திவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டாலும் ஆபத்துதான்.

மெதுவாகச் செய்தாலும் கவனக்குறைவுக்குத் தண்டனை உண்டு. ரைஃபிள் உறைக்கு எண்ணெய் பூசாமல் டைக்குள் ஏற்றிய முதல் வாரத்தில் எனக்கு ஓர் உறை உள்ளேயே இறுகிக்கொண்டது. நெம்புகோலை இழுத்த இழுப்பில் அதன் விளிம்பு பிய்ந்து கையோடு வந்தது. துளை போட்டு, திருகு மாட்டி அதை வெளியே எடுக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. நேரான சுவருள்ள கைத்துப்பாக்கி உறைகளுக்கு மிகக் கடினமான கார்பைட் வளையம் வைத்த டை வாங்கினால் இந்த எண்ணெய்த் தொல்லை இல்லை. விலை சற்றுக் கூடினாலும் அது வீண் செலவாகாது. கழுத்து குறுகிய ரைஃபிள் உறைக்கு கார்பைட் டையானாலும் எண்ணெய் பூசியே ஆக வேண்டும்.

டரெட் ப்ரெஸ்ஸில் பல டைகள் ஒரு சுழல்தலையில் நிற்பதால் அவற்றைக் கழற்றி மாட்டும் நேரம் மிச்சமாகிறது. சிங்கிள் ஸ்டேஜைவிட இரண்டு மூன்று மடங்கு வேகம் வரும். கைத்துப்பாக்கிக்கு மட்டும் நிரப்புபவர், வாரத்துக்கு நூறு இருநூறு சுடுபவர் என்றால் நேராக இதற்கே போகலாம். ப்ரோகிரஸிவ் ப்ரெஸ்ஸோ நெம்புகோலை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு முழுத் தோட்டாவை வெளியே தள்ளுகிறது. மணிக்கு நானூறு என்பது அதற்குச் சாதாரணம். அதன் செலவு வாங்கிய அன்றோடு முடிவதில்லை: இன்னோர் அளவுத் தோட்டாவுக்கு மாற வேண்டுமென்றால், சிங்கிள் ஸ்டேஜில் டைகளோடு உறையின் அடியைப் பிடிக்கும் ஒரு சிறு ஷெல் ஹோல்டரை மாற்றினால் போதும், இதிலோ பல உறைகளை ஒருசேரப் பிடிக்கும் ஷெல் பிளேட் முதலான பல உதிரிகளை வாங்க நேரும். அதைவிடப் பெரிய இடர், ஐந்து வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது எதைப் பார்ப்பது என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது என்பது. தவறு நடந்தாலும் நானூறு தோட்டா வேகத்தில்தான் நடக்கும்.

பின்னர் பெரியதற்கு மாறினாலும் முதலில் வாங்கிய டைகள் பாழாகா. ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் டைகளும் அங்குலத்தில் 7/8 விட்டமும் அங்குலத்துக்கு 14 மரைகளும் கொண்டவை. டில்லன் நிறுவனத்தின் ஸ்கொயர் டீல் போல தனக்கென்றே தனி டை கேட்கும் ப்ரெஸ்கள் விதிவிலக்கு. வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ப்ரெஸ்ஸில் மிச்சம் பிடிக்கலாம், தராசில் கூடாது. மருந்தை கிரெய்ன் கணக்கில் அளப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். 5 கிரெய்ன் வேண்டிய இடத்தில் தராசு அரை கிரெய்ன் பிசகினால் அது பத்து சதவீதப் பிழை. மலிவான பாக்கெட் டிஜிட்டல் தராசு மின்விசிறிக் காற்றுக்கும் பக்கத்தில் வைத்த கைப்பேசிக்கும்கூட எண்ணை மாற்றிக் காட்டும். பேட்டரி இறங்கும்போது சொல்லாமலே நகரும். அதே விலைக்குச் சற்று மேலே கிடைக்கும் சாதாரணக் கோல் தராசு, காந்தத்தால் ஆட்டத்தை அடக்கிக்கொண்டு, 0.1 கிரெய்ன் வரை ஆண்டுக்கணக்கில் உண்மை பேசும். அவசரப்படுபவருக்கு மட்டும் அது எரிச்சலூட்டும். எந்தத் தராசானாலும் சோதனை எடைக்கற்களை வைத்து ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். வெடிமருந்து தயாரிப்பாளர் வெளியிடும் அளவு அட்டவணையிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது: அந்த மருந்துக்கும் அந்தக் குண்டுக்கும் உரிய தொடக்க அளவிலிருந்து மேலே போக வேண்டுமே தவிர, யாரோ வாய்வழி சொன்ன அளவை நம்பி ஊற்றக் கூடாது. உறை நீண்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு காலிப்பரும் இந்தப் பட்டியலில் சேரும்.

எல்லாம் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பு விலை குறைவாகத் தெரியும். ப்ரெஸ்ஸும் தராசும் நல்லவையாக இருந்தால் வாங்கலாம். இல்லையேல் தராசை மாற்றும் செலவு அந்தச் சலுகையை விழுங்கிவிடும். பழைய வார்ப்பிரும்பு ப்ரெஸ்ஸைத் துணிந்து வாங்கலாம்: நெம்புகோலை மேலும் கீழும் இழுத்து, தண்டு பக்கவாட்டில் ஆடாவிட்டால் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். பழைய டைகளும் துரு இல்லையென்றால் சரிதான். பழைய உறைகளை வாங்கும்போது உள்ளே எட்டிப் பார்த்து, நடுவில் ஒற்றைத் துளை இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். ஓரமாக இரண்டு சிறு துளைகள் உள்ள பெர்டன் வகையில் டையின் ஊசி சுட்ட ப்ரைமரை வெளியே தள்ளாது, முறிந்துபோகும். ஆனால் யாராவது அந்த ப்ரெஸ்ஸோடு பாதி காலியான மருந்து டப்பாவை இலவசமாகத் தந்தால், மேலே ஒட்டிய பெயர் என்னவாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதுதான் என்று எண்ணி ஒரு கரண்டிகூட அளக்கக் கூடாது.